கதவுக்கும் நிலைக்கும் எந்த வாட்டர் பேஸ்டு பெயிண்ட்?

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் சுவரைப் பற்றி அல்ல. சுவருக்கு எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) என்பது எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். மாட்டிக்கொள்வது கதவு, நிலை, ஜன்னல் சட்டம், பீடிங் (ஓரங்களில் அடிக்கும் மெல்லிய பட்டை), கார்னிஸ் (சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் ஓடும் பட்டை) இவற்றில்தான். இவற்றுக்கு அடிப்பது எனாமல், அதாவது சுவர்ப் பெயிண்டைவிடக் கெட்டியாக நிற்கும் பெயிண்ட். கடைக்காரர் "வாட்டர் பேஸ்டு எனாமல் எடுத்துக்குங்க, வாசனையே வராது" என்கிறார். பெயிண்டர் "அதெல்லாம் நிக்காது சார், ஆயில் எனாமலே வாங்குங்க" என்கிறார். வீட்டுக்காரர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. குழப்பத்துக்குக் காரணம், 'வாட்டர் பேஸ்டு' என்ற ஒரே பெயரில் நாலு விதமான சரக்கு விற்பதுதான். தண்ணீர் என்பது பெயிண்டைச் சுமந்து வரும் வண்டி மட்டுமே. வண்டி போன பிறகு மரத்தின் மேல் எது இறங்கித் தங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தங்குவது ரெசின், அதாவது படலமாக இறுகும் பசை. அது வெறும் அக்ரிலிக்கா, அல்கைடா, பாலியூரித்தேனா என்பதைப் பொறுத்து, அதே வெள்ளை நிறம் ஒரு வீட்டில் பத்து வருடம் நிற்கும், இன்னொரு வீட்டில் பத்து நாளில் கதவோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும்.

நான் பெயிண்டர் இல்லை. இரண்டு வீடுகளைப் புதுப்பித்து, முதலாவதில் நன்றாகவே சூடுபட்டவன். குளியலறைக் கதவில் இருந்த பழைய ஆயில் எனாமலைத் தேய்க்காமலே மேலே வாட்டர் பேஸ்டு அடித்துவிட்டுப் போனார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் கைப்பிடிக்கு மேலே நகம் பட்ட ஒரு கீறலைப் பிடித்து இழுத்தேன். பாம்பு சட்டை உரிப்பது போல ஒரு சாண் நீளத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கடுப்பில் படித்ததும், அப்புறம் இரண்டாவது வீட்டில் செய்து பார்த்ததும்தான் கீழே இருப்பது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: அந்த மரம் எதோடாவது உரசுமா? கதவின் விளிம்பு நிலையோடு உரசும், ஜன்னல் பலகை சட்டத்தோடு உரசும். மேலே ஓடும் கார்னிஸை யாரும் தொடப்போவதில்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். இரண்டுக்கும் ஒரே டப்பாவை வாங்குவதில்தான் முக்கால்வாசிப் பிரச்சினை தொடங்குகிறது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெயிண்ட் உலர்வது வேறு, இறுகுவது வேறு. வாட்டர் பேஸ்டு அரைமணி, ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. ஆனால் உள்ளே இருக்கும் ரெசின் துகள்கள் ஒன்றோடொன்று கூடி முழு வலிமைக்கு வர இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். அதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால், காலையில் திறக்கும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது, கை. நம் வீடுகளில் கை என்றால் எண்ணெயும் சேர்ந்ததுதான். தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு கதவைத் தள்ளுகிறோம், சமையலறையிலிருந்து அப்படியே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பேசுகிறோம். சாதாரண அக்ரிலிக் படலத்தைத் தோலின் எண்ணெயும் தேங்காயெண்ணெயும் மெல்ல மெல்ல இளக்கிவிடும். கைப்பிடியைச் சுற்றி மட்டும் பிசுபிசுப்பாகி அழுக்கேறும் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். துடைத்தால் அழுக்கோடு பெயிண்டும் வரும்.

மூன்றாவது, அடியில் என்ன இருக்கிறது என்பது: புது மரமா, தேக்கா, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பீடிங்கா, பழைய ஆயில் எனாமலா. நான்காவது, வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டுமா. ஐந்தாவது, அடிக்கும்போது வீட்டில் ஆள் இருக்கிறார்களா, குறிப்பாகக் கைக்குழந்தையோ மூச்சுத்திணறல் உள்ள பெரியவரோ. ஆறாவது, அடிக்கப் போகிறவரின் கை எதற்குப் பழகியது. லிட்டர் விலையை நான் கடைசியில்தான் வைப்பேன். ஏன் என்பதைப் பின்னால் கணக்கோடு சொல்கிறேன்.

## மிச்சமான சுவர் எமல்ஷன்

இதை ஒரு தேர்வாகவே சேர்க்கக் கூடாது. ஆனாலும் நடக்கிறது. சுவருக்கு வாங்கியதில் இரண்டு லிட்டர் மிச்சம், "அதையே நிலைக்கும் இழுத்துடலாமா?" என்று ஒரு கேள்வி வரும்.

கதவு, நிலை என்றால் வேண்டாம். சுவர் எமல்ஷன் மென்மையான படலம். அதைச் சுவரில் தட்டையாக உட்காருவதற்காகச் செய்கிறார்கள். இரண்டு பரப்பு ஒன்றையொன்று அழுத்துவதைத் தாங்குவதற்காக அல்ல. எத்தனை மாதம் ஆனாலும் கதவு விளிம்பில் ஒட்டும் குணம் போகாது.

ஆனால் பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கார்னிஸ், சீலிங்கில் ஓடும் ஜிப்சம் அலங்காரப் பட்டை இவற்றுக்கு அதுதான் சரி, எனாமல்தான் தப்பு. பி.ஓ.பி.யின் நுண்ணிய வளைவுகளில் பளபளப்பு ஏறினால் ஒவ்வொரு கைத்தடமும் விளக்கு வெளிச்சத்தில் துருத்திக்கொண்டு தெரியும். பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் அதை மறைத்துவிடும்.

## அக்ரிலிக் எனாமல்

கடையில் வாட்டர் பேஸ்டு எனாமல் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இதுதான். இதன் பலங்கள் உண்மையானவை. வெள்ளை மஞ்சளாகாது. நாலு மணி நேரத்தில் அடுத்த கோட் போடலாம், அதாவது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவலாம். வாசனை கொஞ்சம் இருக்கும், 'இருக்கவே இருக்காது' என்பது விளம்பரம். ஆனாலும் தலைவலி வரும் அளவுக்கு இல்லை.

பலவீனம் சூட்டில் இருக்கிறது. அக்ரிலிக் சூடேறினால் சற்று இளகும் வகை. மே மாதத்தில் மேற்குப் பார்த்த ஜன்னலில், கண்ணாடி வழியாக வெயில் விழும் சட்டத்தில், இறுகிவிட்டது என்று நினைத்த பெயிண்ட் மறுபடி ஒட்டும். இதைத் தடுக்கும்படி செய்த நல்ல சரக்கும் உண்டு, சுமாரான சரக்கும் உண்டு. டப்பாவில் கதவு, ஜன்னலுக்கு என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா, ஒட்டாத் தன்மை பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'மரம், இரும்பு, சுவர் எல்லாவற்றுக்கும்' என்று போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

நிறத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கடையில் மெஷினில் கலந்து தரும் காபி பிரவுன், கருநீலம், கரும்பச்சை போன்ற அடர் நிறங்களுக்கு நிறமிக் குழம்பு நிறையச் சேர்க்க வேண்டும். அந்தக் குழம்பில் இருக்கும் கிளைக்கால் வகைத் திரவங்கள் மெதுவாகத்தான் வெளியேறும். ஆகவே அதே பிராண்டு, அதே வகையில் வெள்ளைக் கதவு இரண்டு வாரத்தில் இறுகினால், பிரவுன் கதவு ஒரு மாதம் கேட்கும். நம் ஊரில் கதவு என்றால் பிரவுன்தான் என்று இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஆயில் எனாமலின் கண்ணாடிப் பளபளப்பும் இதில் வராது. முழு கிளாஸ் என்று போட்டிருந்தாலும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு படி கம்மிதான். எனக்கு அது குறையாகப் படவில்லை. சாட்டின் என்ற இளம் பளபளப்பில் பட்டி பார்த்த மேடு பள்ளங்கள் தெரிவதும் குறைவு.

## அல்கைட் கலந்த வாட்டர் பேஸ்டு

ஆயில் எனாமலில் இருப்பதும் அல்கைட் ரெசின்தான். அதைத் தண்ணீரில் நிற்கும்படி மாற்றிச் செய்தது இந்த வகை. ஹைப்ரிட் என்றும் சொல்வார்கள். தண்ணீர் போன பிறகு, உள்ளே இருக்கும் ரெசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது.

அதனால் கிடைக்கும் பெரிய லாபம், பிரஷ் தடம் தானாகவே படிந்து மறைவது. அக்ரிலிக் பத்து நிமிடத்தில் இழுபடத் தொடங்கிவிடும். இது நிதானமாக உட்காரும். பீடிங்கில் குடைந்த பள்ளங்கள் இருந்தால் இந்த வித்தியாசம் கண்கூடு. இறுகிய பிறகு கெட்டியாகவும் இருக்கும், கதவு ஒட்டுவதும் குறைவு.

கழித்துப் பார்க்க வேண்டியவை: அடுத்த கோட்டுக்குப் பெரும்பாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். வெள்ளை, ஆயில் எனாமல் அளவுக்கு இல்லாவிட்டாலும், இருட்டான இடங்களில் லேசாகப் பழுப்பேறும். நம் ஊரில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைத்தால் விலையும் கூடுதல். அமெரிக்கா, கனடாவில் வீடு வாங்கியிருக்கும் உறவினர்கள் கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். அங்கே வீட்டுக்குள் தரையோரப் பட்டை, கதவைச் சுற்றிய பட்டை, மேல்பட்டை என்று பெரும்பாலும் வெள்ளை பெயிண்ட் அடித்த மரமோ எம்.டி.எஃப்.போதான். அங்கே கடைகளில் இந்த வகை சாதாரணமாகவே கிடைக்கிறது.

## பி.யூ. எனாமல்

பாலியூரித்தேன் சேர்த்த வாட்டர் பேஸ்டு. அக்ரிலிக்கின் வெண்மையும் வேகமும், அதோடு கூடுதல் கடினமும். எண்ணெய்க் கைக்கு நன்றாக ஈடுகொடுக்கும், ஈரத்துணியால் அடிக்கடி துடைத்தாலும் தேயாது. ஒன்று இரண்டு வாரத்தில் ஓரளவு நல்ல கெட்டிக்கு வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக் கதவு, சமையலறைக் கதவு, படிக்கட்டுக் கைப்பிடி இவற்றுக்கு விலையைப் பார்க்காமல் இதையே வாங்கலாம்.

வாங்கும்போது ஒரே டப்பாவா, இரண்டு டப்பாவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே டப்பாவில் வருவதை யாரும் அடிக்கலாம். ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) தனி டப்பாவில் வந்து கலந்து அடிக்கும் வகை இன்னும் கெட்டியானது, ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். ஸ்ப்ரே அடிக்கும்போது நுரையீரலுக்கு ஆபத்து. சரியான முகமூடி போட்டுப் பழகியவர் கையில்தான் அதைக் கொடுக்க வேண்டும். தண்ணீரில் கலப்பதுதானே என்று மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது கூடவே கூடாது.

## ஆயில் எனாமல்: இன்னும் எப்போது?

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும் என்பதால் இதையும் சேர்க்கிறேன். பிரஷ்ஷில் வழவழவென்று ஓடும், மின்னும், கெட்டியாக நிற்கும். பெயிண்டர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் நியாயம் இருக்கிறது. அதன் குறைகளில் டர்பன்டைன் வாசனை எல்லோருக்கும் தெரியும். வெள்ளை மஞ்சளாவது அடித்தவுடன் தெரியாது, அதனால் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் அது வேகமாக நடக்கும். அலமாரிக் கதவின் உட்பக்கத்தைத் திறந்து வெளிப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றில் அமோனியா இருந்தால் இன்னும் சீக்கிரம். அமோனியா கலந்த கிளீனரால் துடைக்கும் கழிவறைக் கதவில் இதைப் பார்க்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் உட்புற, வெளிப்புறப் பட்டைகளுக்கான பெயிண்டில் ஆவியாகும் ரசாயனத்துக்கு 2010 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது: வாட்டர் பேஸ்டு என்றால் லிட்டருக்கு 130 கிராம், ஆயில் வகை என்றால் 300 கிராம். ஆயில் வகைக்கு இரண்டு மடங்குக்கு மேல் சலுகை கொடுத்துத்தான் வரம்பே போட முடிந்திருக்கிறது என்பதிலிருந்து அந்த வாசனையின் அளவை யோசித்துக்கொள்ளலாம்.

இருந்தாலும் இரும்பு கிரில்லுக்கு நான் இன்னும் இதைத்தான் சொல்வேன். வெறும் இரும்பில் வாட்டர் பேஸ்டு பட்டால், உலர்வதற்குள்ளேயே செம்புள்ளிகள் பூக்கும். அதைத் தடுக்கும் பிரைமர்கள் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) உண்டு. ஆனால் உப்புக்காற்று அடிக்கும் ஊரில் அந்தப் பரிசோதனை எனக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| விஷயம் | சுவர் எமல்ஷன் | அக்ரிலிக் எனாமல் | அல்கைட் கலவை | பி.யூ. எனாமல் | ஆயில் எனாமல் |
|---|---|---|---|---|---|
| அடுத்த கோட் | 4 மணி நேரம் | 4 மணி நேரம் | பெரும்பாலும் மறுநாள் | 4 முதல் 6 மணி நேரம் | மறுநாள் |
| இறுகும் காலம் | கடைசி வரை மென்மைதான் | 2 முதல் 4 வாரம் | 3 முதல் 4 வாரம் | 1 முதல் 2 வாரம் | 1 முதல் 2 வாரம் |
| கதவு ஒட்டுதல் | அதிகம் | டப்பாவைப் பொறுத்து | குறைவு | மிகக் குறைவு | குறைவு |
| வெள்ளை மஞ்சளாதல் | இல்லை | இல்லை | லேசாக | அநேகமாக இல்லை | ஆகும் |
| பிரஷ் தடம் மறைவது | சுமார் | சுமார் | நன்று | நன்று | மிக நன்று |
| எண்ணெய்க் கை | தாங்காது | ஓரளவு | தாங்கும் | நன்றாகத் தாங்கும் | தாங்கும் |
| வாசனை | குறைவு | குறைவு | நடுத்தரம் | குறைவு | கடுமை |
| லிட்டர் விலை | பலவிதம் | நடுத்தரம் | கூடுதல் | கூடுதல் | குறைவு |

## டப்பாவில் தெரியாத செலவு

பெயிண்ட் நிற்பதும் உரிவதும் பெரும்பாலும் அதன் அடியில் தீர்மானமாகிறது. நான் பட்ட அவதியும் அங்கேதான்.

பழைய கதவில் இருப்பது ஆயிலா வாட்டரா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் நன்றாகத் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால், பெயிண்ட் பிசுபிசுத்தால், அது வாட்டர் பேஸ்டு. ஒன்றும் ஆகாவிட்டால் ஆயில் எனாமல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆயில் என்றால், முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். அப்புறம் 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கச் சாகும்வரை தேய்க்க வேண்டும். வரிசை முக்கியம், பிசுக்கோடு தேய்த்தால் பிசுக்கை மரத்துக்குள் தேய்த்தது போலாகும். பிறகு பழைய பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும் வகையிலான பிரைமர் ஒரு கோட். ஒரு கதவில் மட்டும் அடித்து, ஒரு வாரம் விட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்கும் நாலு கோடு கீறி, அதன் மேல் செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கட்டம் கட்டமாகப் பெயர்ந்து வந்தால் மற்றக் கதவுகளைத் தொடாதீர்கள். இந்த ஒரு வாரத்தை எந்தப் பெயிண்டரும் விரும்ப மாட்டார். நான் இரண்டாவது வீட்டில் பிடிவாதமாகச் செய்தேன்.

பழைய வீடு என்றால் தேய்ப்பதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே உலர்ந்த தேய்ப்பு வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், முகமூடி, தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. குழந்தைகள் அன்று பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

தேக்கு நிலைக்கு வெள்ளை அடிக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறைய. எனக்கு மனசு வராது, ஆனால் உங்கள் தேக்கு, உங்கள் இஷ்டம். பிரச்சினை என்னவென்றால், மரத்தின் சாறு தண்ணீரில் கரைந்து வாட்டர் பேஸ்டு வெள்ளையின் மேல் தேநீர்க் கறை போல வந்து நிற்கும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் வரும். கறை தடுக்கும் பிரைமர் வேண்டும், அல்லது மெழுகு நீக்கிய அரக்குக் கரைசல் ஒரு கோட். கணுக்கள் இருக்கும் எந்த மரத்துக்கும் இது பொருந்தும்.

எம்.டி.எஃப். பீடிங்கின் முகப்பு பிரச்சினை தராது. வெட்டிய முனையும் குடைந்த பள்ளமும் தண்ணீரை உறிஞ்சி உப்பி, நார் நாராக நிற்கும். அங்கே மட்டும் பிரைமரை இரண்டு தடவை போட்டு, ஒவ்வொரு தடவையும் 320 தாளால் லேசாகத் தேய்த்தால் வழவழப்பாகிவிடும். புது மரத்திலும் முதல் கோட்டில் நார் ரோமம் போல எழும்புவது சகஜம். பெயிண்டர் 'பெயிண்ட் சரியில்லை' என்றால் நம்ப வேண்டாம்; தேய்த்தால் போகும். ஆணித்தலைகளுக்குத் துரு தடுக்கும் பிரைமரை ஒரு பொட்டு வைத்துவிட்டு அப்புறம் பட்டி பாருங்கள். இல்லாவிட்டால் பீடிங் நெடுக வரிசையாகச் சிவப்புப் பொட்டு வைத்தது போலாகும்.

சிமெண்ட் பூசிய தரையோரப் பட்டைக்கு மட்டும் சந்தேகமே வேண்டாம், வாட்டர் பேஸ்டுதான். புதுச் சிமெண்டின் காரம் ஆயில் எனாமலைச் சோப்பாக்கிவிடும். உவமைக்குச் சொல்லவில்லை, நடப்பது சோப்பு காய்ச்சும் அதே வினைதான்.

## பணக் கணக்கு

ஏழடிக்கு மூன்றடிக் கதவு ஒரு பக்கம் 21 சதுர அடி, இரண்டு பக்கமும் 42. நிலை சுற்றி 17 அடி நீளம், மடிப்புகளையெல்லாம் சேர்த்துச் சுமார் ஒரு அடி அகலம். ஆக ஒரு வாசலுக்குத் தோராயமாக 60 சதுர அடி. ஐந்து வாசல் என்றால் 300, இரண்டு கோட் என்றால் 600. லிட்டருக்கு ஒரு கோட் 100 சதுர அடி என்று சற்றுக் குறைத்தே வைத்தாலும் 6 லிட்டர் போதும்.

ஆயில் எனாமலைவிட நீங்கள் வாங்கும் வாட்டர் பேஸ்டு லிட்டருக்கு 150 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வித்தியாசம் 900 ரூபாய், கிட்டத்தட்ட ஒரு பெயிண்டரின் ஒரு நாள் கூலி. இரண்டு கோட்டையும் ஒரே நாளில் முடித்தால் அந்த ஒரு நாள் மிச்சமாகிறது, டர்பன்டைன் செலவும் இல்லை. ஆக லிட்டர் விலையைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. பழைய ஆயில் எனாமலைத் தேய்த்து எடுக்கும் கூலிதான் நிஜமான கூடுதல் செலவு. சதுர அடிக்கு மொத்தமாகப் பேசினால் முதலில் காணாமல் போகும் வேலையும் அதுதான். தேய்ப்பதைத் தனி வரியாக எழுதி, தனியாகக் கூலி பேசுங்கள்.

## பிரஷ், மின்விசிறி, மார்கழி

ஆயில் எனாமலில் கை பழகிய பெயிண்டர், அடித்த இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி ஒரு இழுப்பு இழுப்பார். ஆயிலில் அது அழகு கூட்டும். வாட்டர் பேஸ்டில் பாதி உலர்ந்த படலம் பிய்ந்து கோடு கோடாக நிற்கும். ஒரு தடவை பரப்பி, ஒரு தடவை நீளவாக்கில் இழுத்து, விட்டுவிட வேண்டும். இந்த விடும் குணம் வரத்தான் நாளாகிறது.

தண்ணீர் கலக்கும் அளவையும் கவனியுங்கள். 5 முதல் 10 சதவீதம் என்று டப்பாவில் இருக்கும். டர்பன்டைன் ஊற்றிய பழக்கத்தில் குவளையைக் கவிழ்த்தால் மூடும் திறனும் போகும், கெட்டியும் போகும். பன்றி ரோமப் பிரஷ் தண்ணீரில் ஊறித் துவண்டுவிடும். நைலான் பிரஷ் வாங்கிக் கொடுங்கள். அடிக்கும்போது அந்த அறையின் மின்விசிறியை நிறுத்துங்கள், முடித்தபின் போடலாம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் பழக்கத்தால் நம் வீட்டு வேலை பெரும்பாலும் மார்கழியில் வந்து விழுகிறது. பனி, காற்றில் ஈரம். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்காதே என்று பல டப்பாக்களில் அச்சிட்டிருக்கும். பத்து மணிக்கு மேல் தொடங்கி நாலு மணிக்குள் முடிப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை நடுவே கடற்கரை ஊர்களில் வாட்டர் பேஸ்டு எனாமல் அடிப்பதைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

கதவைப் பத்து நாள் திறந்தே வைக்க முடியாது என்பார்கள். உண்மைதான், படுக்கையறைக் கதவைச் சாத்தித்தானே ஆக வேண்டும். நிலையின் உரசும் விளிம்பில் முகப்பவுடரைத் துணியால் தடவி விடுங்கள், அல்லது பட்டர் பேப்பர் துண்டை இடையில் வையுங்கள். மெழுகுவர்த்தி தேய்க்கும் பழக்கம் வேண்டாம். அடுத்த முறை பெயிண்ட் அந்த மெழுகின் மேல் பிடிக்காது.

## என் தேர்வு எப்படி இருக்கும்

ஆள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடு, வெள்ளை அல்லது வெளிர் நிறக் கதவுகள், வீட்டில் குழந்தை இருக்கிறது என்றால், கதவுக்கும் நிலைக்கும் ஒரே டப்பா பி.யூ. எனாமல், சாட்டின். பணம் இடித்தால் கதவுக்கு மட்டும் பி.யூ., அசையாத பட்டைகளுக்கு அக்ரிலிக்.

வாடகைக்கு விடும் வீடு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை எப்படியும் அடிக்கத்தான் போகிறோம் என்றால், நல்ல அக்ரிலிக் எனாமல் தாராளம்.

காலி வீடு, ஏற்கெனவே ஆயில் எனாமல், அடர் பிரவுன், நம்பிக்கையான பழைய பெயிண்டர் என்றால், ஆயிலிலேயே தொடருங்கள். அவரைப் புது முறைக்கு இழுப்பதில் யாருக்கும் லாபமில்லை. குடக்கூலிக்காரர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே முடித்து, ஜன்னல்களைத் திறந்து போட்டுவிடுங்கள்.

கடைசல் வேலை நிறைந்த பழைய மர ஜன்னல், அதையும் வெள்ளையாக்க வேண்டும், அவசரமில்லை, அல்கைட் கலவை கிடைக்கிறது என்றால், அதற்கு அதுதான் முதல் தேர்வு. கொஞ்சம் பழுப்பேறினாலும் அந்த ஜன்னலுக்கு அழகாகவே இருக்கும்.

தலைவாசலை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எங்கள் வீட்டில் அது தேக்கு, பாலிஷ்தான். வெள்ளிக்கிழமை மஞ்சளும் குங்குமமும் வைக்கும் நிலையில் வெள்ளை பெயிண்ட் அடித்தால் மஞ்சள் கறை மேட், சாட்டின் பரப்பில் ஊறிவிடும். அடித்தே ஆக வேண்டுமென்றால் அங்கே மட்டும் முழு கிளாஸ்.

மிச்சமான பெயிண்டைப் பெரிய டப்பாவிலேயே விட்டுவைத்தால், ஆயில் எனாமல் பால் ஏடு போல மேலே படலம் கட்டும்; எடுத்துப் போட்டுவிட்டு வடிகட்டி அடிக்கலாம். வாட்டர் பேஸ்டு அப்படியல்ல, கிருமி ஏறி நாறிப்போகும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். சிறிய கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை ஊற்றி இறுக மூடுங்கள். மூடியில் ஷேடு எண், எந்தக் கதவு, எந்த மாதம் என்று எழுதிவையுங்கள். எங்கள் வீட்டு ஜாடியில் 'குளியலறைக் கதவு, இரண்டாம் தடவை' என்று எழுதியிருக்கிறது.